பாரதக் கூத்து பார்க்கக் கிளம்புகிறவர்கள் இங்கே கை தூக்கவும்

பாய்தலையணை:

பங்குனி பிறந்தாச்சு. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கமெல்லாம் திரௌபதியம்மன் கோயில்களில் வரிசையாகக் கொடியேறும். இனி ஆடி வரைக்கும் அந்த வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் ராத்திரி கூத்து இருந்துகொண்டே இருக்கும். சேர்த்து வைத்த லீவையெல்லாம் இதற்குத்தான் செலவழிக்கப் போகிறேன், ஆபீஸில் கேட்டால் கோயில் திருவிழா என்று சொல்லிக்கொள்வேன், அதுவும் உண்மைதானே.

நாடகம் என்று போர்டு வைத்தால் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். சென்னையில் கோடை நாடக விழா, அலையான்ஸ் பிரான்சேஸில் போடுகிற நவீன நாடகங்கள், திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாதெமி 2008இல் ஆரம்பித்த சர்வதேச விழா, எதையும் விடுவதில்லை. ஆனால் விழா என்று சொன்னால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பாரதம் வைக்கிற ஊர்தான். மத்தியானம் பந்தலில் பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டைப் பாடிக் கதை சொல்வார். அதே கதை ராத்திரி வேஷம் கட்டிக்கொண்டு வரும், விடிகிறவரை நடக்கும், மறுநாள் அங்கிருந்து மேலே போகும். வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூயம், பகடைத்துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று பத்து நாள் ஓடும், ஊருக்குத் தெம்பு இருந்தால் அதற்கு மேலும் போகும். சேலை உரிகிற துகில் ராத்திரியில் அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி, கடைசி நாள் துரியோதனன் விழுகிற படுகளத்தில்தான் முடிகிறாள். நடுவில் உள்ள அத்தனை ராத்திரியும் நாம் அந்த அவிழ்ந்த கூந்தலோடு உட்கார்ந்திருக்கிறோம்.

அதனால்தான், நகரத்து மேடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு நறுக்கிப் போட்டதைப் பார்த்துவிட்டு "கூத்து பார்த்தாச்சு" என்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதே இல்லை. கூத்தை அது நடக்கிற திருவிழாவில் பார்க்க வேண்டும், தொடர்ந்து இரண்டு மூன்று ராத்திரியாவது பார்க்க வேண்டும். யாரெல்லாம் வருகிறீர்கள்?

செய்யாற்றுக்காரன்:

அண்ணே, நம்ம பக்கம் வாங்க, வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். எந்த ஊரில் பாரதம் என்று இணையத்தில் தேடி மெனக்கெட வேண்டாம், பஸ் ஸ்டாண்டுச் சுவரையும் டீக்கடைப் பக்கத்தையும் பார்த்தால் போதும். தேதிவாரியாக அன்றைய கூத்து என்ன, எந்த ஜமா (ஆடுகிற குழு), பிரசங்கியார் யார், உபயம் யார் என்று எல்லாம் நோட்டீஸில் இருக்கும். கூத்தின் பெயரைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஜமாவைப் பாருங்கள். நல்ல ஜமா சுமாரான கதையையும் தூக்கிவிடும். சொதப்பல் ஜமா கையில் கர்ணனே அகப்பட்டாலும் மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்துவிடும்.

இன்னொன்று, பத்து மணி என்று போட்டிருந்தால் பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக லேட்டாகப் போய்க் களரி கட்டுகிற தொடக்க வாசிப்பைத் தவற விடாதீர்கள். மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் இரண்டு தெரு தள்ளித் தூங்குகிறவனும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

சபாபிரியன்:

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நானும் விடிய விடிய உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த எட்டு மணி நேரத்தில் கூத்து எவ்வளவு, மற்றது எவ்வளவு? கர்ணன் விருத்தம் பாடி உச்சத்துக்குப் போகும்போது நிறுத்தி, இன்னார் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு, அவர் குடும்பம் வாழ்க வளர்க என்று மைக்கில் ஒரு வாழ்த்து. ஸ்பீக்கர் அலறுகிற அலறலில் பாட்டில் ஒரு வார்த்தை புரியவில்லை. கோமாளி வேஷமான கட்டியக்காரன் பேசுகிற இரட்டை அர்த்தத்தைப் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேட்க முடியவில்லை.

மேடைக்கு ஏற்றபடி சுருக்கித் தந்தால் அடவு தெரிகிறது, பாட்டு கேட்கிறது, வேஷம் தெளிவாகத் தெரிகிறது. எழுத்தாளர் ந. முத்துசாமி, புரிசை ஊர்க் கூத்துக் கலைஞர் நடேசத் தம்பிரான் கூத்தைப் பார்த்து ஆடிப்போய்த்தானே 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவை ஆரம்பித்தார், நகரத்து நாடகத்துக்குள் கூத்து வந்தது அப்படித்தானே? ராத்திரி முழுக்க முழித்திருப்பதே ரசனைக்கு அத்தாட்சி என்பதை நான் ஏற்கவில்லை.

பாய்தலையணை:

சபாபிரியன், அன்பளிப்பு அறிவிப்பு எனக்கும் எரிச்சல்தான். ஸ்பீக்கர் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. அதற்கு ஒரு வழி சொல்கிறேன், சேரில் உட்காராமல் தரையில் பாயைப் போட்டுப் பின்பாட்டுக்காரர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் உட்காருங்கள். நேர்க் குரலே காதில் விழும், ஆர்மோனியப் பெட்டி மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

ஆனால் "மற்றது" என்று ஒதுக்குகிறீர்களே, அங்கேதான் எனக்கு வழக்கு. துகில் அன்று ராத்திரி நடப்பதைச் சொல்கிறேன். துச்சாதனன் வேஷக்காரர் அதுவரை மீசையை முறுக்கிக்கொண்டு, சலங்கை தெறிக்கச் சுழன்று சுழன்று ஆடி, ஊரையே மிரட்டிக்கொண்டிருப்பார். சேலையில் கை வைக்க வேண்டிய கட்டம் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். தட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். கிரீடமும் தோளில் புஜக்கட்டையும் போட்ட அதே ஆள் அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, இது வேஷத்துக்காகச் செய்வது தாயே, என்னையும் என் குடும்பத்தையும் ஒன்றும் செய்துவிடாதே என்று கேட்டுக்கொள்வார். திரௌபதி வேஷம் கட்டியவரும் கை கூப்பி நிற்பார். முன்னால் உட்கார்ந்திருக்கிற கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கற்பூரம் அணைந்ததும் மத்தளக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான், அந்த மனுஷன் மறுபடி துச்சாதனன் ஆகிவிடுவார். அவர் பயந்ததைப் பார்த்துவிட்டோம் இல்லையா, இப்போது அவர் சேலையைப் பிடிக்கிற கை நமக்கே சுடுகிறது.

நகரத்து மேடையில் இந்தக் கற்பூரம் இருக்காது. இருக்கவும் முடியாது, அங்கே யாரைப் பார்த்துக் கும்பிடுவது?

ஆரணிப்பெண்:

கட்டியக்காரன் பேச்சைப் பற்றிச் சபாபிரியன் சார் சொன்னதில் பாதி சரி. சில ஜமாக்களில் அது அத்துமீறிப் போகிறது, பெண்கள் பக்கம் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வோம். அப்புறம் வீட்டுக்கு வந்து அதையே சொல்லிச் சிரிப்போம், அது வேறு கதை. ஆனால் நல்ல கட்டியக்காரன் கிடைத்தால் ஊர்ப் பஞ்சாயத்து, ரேஷன் கடை, தேர்தல் வாக்குறுதி, ஒன்றையும் விட மாட்டான். துரியோதன மகாராஜாவிடம் "உங்க நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி வந்துடுச்சா?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். முன்வரிசையில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டும் என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள். கழிப்பிடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் நாங்கள் ராத்திரி முழுக்க உட்கார முடியும். தெரிந்தவர் வீடு ஒன்று பக்கத்தில் இருந்தால் நிம்மதி, இல்லாவிட்டால் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க யோசிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற பெண்கள் விழாக் குழுவினர் வீட்டுப் பெண்களை முதலில் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெண் வேஷத்தையும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள் என்று தெரிந்தும், கர்ண மோட்சத்தில் பொன்னுருவி வந்து புருஷனையே குலம் கேட்டுக் குத்திக் காட்டும்போது எனக்கு ஒருநாளும் அது ஆண் என்று தோன்றியதில்லை. அதே சமயம், காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் ஆரம்பித்த குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் படித்தார்கள், கிரீடம் வைத்துக்கொண்டு ராஜா வேஷமே கட்டி ஆடினார்கள். அதை என் அம்மாவுக்குப் போனில் காட்டினேன். "எங்க காலத்தில் இதெல்லாம் இல்லாம போச்சே" என்றார்.

வாத்தியார்பேரன்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. என் தாத்தா ஜமா வைத்திருந்தவர், மாமா இன்னும் வேஷம் கட்டுகிறார், நான் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

சபாபிரியன் ஐயா, அந்த ஐம்பது ரூபாய் அன்பளிப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கமிருந்தும் பாருங்கள். ஊரோடு பேசித் தாம்பூலம் வாங்கும்போது ஒரு தொகை பேசுகிறார்கள். அது பத்துப் பதினைந்து பேருக்குப் பிரிய வேண்டும், வேன் வாடகை போக வேண்டும், சாமான் தேய்மானம் போக வேண்டும். வேலை இருப்பது வருஷத்தில் பாதிதான். மழைக்காலத்தில் கூலி வேலைக்குப் போகிற அர்ச்சுனன்களை எனக்குத் தெரியும். ராத்திரி நாலு மணிக்கு ஒருவர் எழுந்து வந்து சட்டையில் ஐம்பது ரூபாயைக் குத்தினால், அதை மைக்கில் சொல்லத்தான் செய்வார்கள். சொன்னால்தான் அடுத்தவர் எழுந்து வருவார்.

சீசன் இல்லாத மாதங்களில் கை கொடுப்பது கருமாதிக் கூத்து. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைப்பார்கள், செத்தவருக்கு நல்ல கதி கிடைக்கும் என்று. திருவிழாவில் ஆடுகிற அதே கர்ண மோட்சம்தான், ஆனால் அங்கே கர்ணன் அம்பு பட்டுச் சாய்ந்து குந்தி மடியில் கிடக்கும்போது அந்த வீட்டு ஜனங்கள் அழுகிற அழுகை வேறு. மாமா சொல்வார், அன்று மட்டும் பாட்டை நீட்டக் கூடாது, அவர்கள் அழுது முடிக்க நாம் இடம் விட வேண்டும் என்று.

வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேஷம் கட்டுகிற கொட்டகைக்குள் கேமராவோடு நேராக நுழையாதீர்கள். அரிதாரம் பூச உட்கார்ந்துவிட்டால் அது கும்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிற வேலை. ஜமா வாத்தியாரிடம் கேளுங்கள், பெரும்பாலும் உட்காரச் சொல்லிவிடுவார், டீயும் வரும். கிரீடத்தையும் புஜக்கட்டையும் தொட்டுப் பார்க்க ஆசை இருந்தால் அதையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தது, பார்க்கக் கனமாக இருக்கும், மரம் லேசு. ஆனால் விடியும்வரை தலையில் இருந்தால் லேசும் கனம்தான், நெற்றியில் கயிறு பதிந்த தழும்பு மாமாவுக்கு இன்னும் இருக்கிறது.

சபாபிரியன்:

தம்பி, அன்பளிப்பு பற்றி நீங்கள் சொன்ன பிறகு அதைப் பற்றி நான் பேச மாட்டேன். ஸ்பீக்கரைப் பற்றிப் பேசுவேன்.

மட்டுநகர்வாசி:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கட ஊர்க் கூத்து வேறு மாதிரி. வட்டக்களரியில் சனம் சுற்றி இருக்கும், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவில் நிற்பார், வடமோடி தென்மோடி என்று இரண்டு வகை. விடியவிடிய ஆடுவது மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

சுருக்கலாமா கூடாதா என்ற சண்டை எங்களுக்குப் பழசு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போரை மேடைக்கு ஏற்ற மாதிரிச் சுருக்கிப் போட்டார். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆடினார்கள். அதற்கு முதல், கூத்தைப் படிக்காதவன் பொழுதுபோக்கு என்று நினைத்தவர்கள் கனபேர் அதற்குப் பிறகு வாயை மூடினார்கள். இன்றைக்கு எங்கட பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூத்து ஆடுகிறார்கள் என்றால் அந்தச் சுருக்கினதுக்கும் அதில் பங்கு இருக்கு. ஆகவே பாய்தலையணை அண்ணை, நறுக்கினதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம்.

மற்றது, திரௌபதையம்மன் எங்களுக்கும் இருக்கிறா. கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் பதினெட்டு நாள் திருவிழா, பாரதக் கதையின்ரை கட்டங்களை ஊரே சேர்ந்து நடத்தும், வனவாசம் போகிறதைப் பார்க்கச் சனம் தெருவெல்லாம் நிறையும், கடைசியில் தீமிதிப்பு. நடிகர் யார் பார்ப்பவர் யார் என்று அங்கே பிரிக்க ஏலாது.

பாய்தலையணை:

அண்ணை, வித்தியானந்தன் விஷயம் எடுபடுகிறது, மறுக்க முடியாது. புரிசைக்காரர்களும் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் வெண்கட்டி வட்டக் கதையையே கூத்தாகப் போட்டவர்கள், மேடை தெரிந்தவர்கள்தான். அப்படி மேடைக்கென்றே யோசித்துச் செய்வது ஒரு வேலை, அதில் எனக்குப் புகார் இல்லை. ஏதோ ஒரு கலாசார நிகழ்ச்சியில் வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் ஒதுக்கி, ஒரு திரைப் பிரவேசம், ஒரு சண்டை, ஒரு மங்களம் என்று முடித்துவைக்கிறார்களே, அதைத்தான் சொன்னேன். பாண்டிருப்புக்கு வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை, உங்களைத் தொந்தரவு செய்வேன்.

சிங்கைக்காற்று:

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலிலும் தீமிதிக்கு முன்னால் பாரதக் கதைதான் நடக்கும், படுகளம் வரை. இங்கே பலபேர் தீமிதியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முன்னால் வருவதைப் பார்த்தால்தான் அந்த நெருப்புக்கு அர்த்தம் தெரியும்.

புதுமுகம்:

வணக்கம். இதுவரை ஒரு கூத்தும் பார்த்ததில்லை, பெங்களூரில் வேலை. எல்லோரும் பத்து ராத்திரி, பதினெட்டு ராத்திரி என்கிறீர்கள், எனக்கு ஒரே ஒரு சனி ஞாயிறுதான் கிடைக்கும். எந்த ராத்திரிக்கு வர?

ஆரணிப்பெண்:

கர்ண மோட்சம். யோசிக்கவே வேண்டாம்.

செய்யாற்றுக்காரன்:

அக்கா சொல்வது சரி, ஆனால் முதல்முறை வருகிறவருக்கு அர்ச்சுனன் தபசு. ராத்திரி ஆடிவிட்டு அர்ச்சுனன் பகலில் தபசு மரம் ஏறுவார். உயரமான பனைமரத்தில் படி அடித்து வைத்திருப்பார்கள், ஒவ்வொரு படிக்கும் பாட்டு. கீழே பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரச் சேலையோடு காத்திருப்பார்கள். மேலே போனதும் எலுமிச்சம்பழம், விபூதி, வில்வம் எல்லாம் வீசுவார், மடியில் விழுந்தால் பாக்கியம் என்று ஏந்திக்கொண்டு நிற்பார்கள். ராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷன் அந்த உயரத்தில் ஒற்றைக் கையை விட்டுவிட்டுப் பாடுவதைப் பார்த்தால் நமக்குக் கால் கூசும்.

வாத்தியார்பேரன்:

வேஷக்காரர்களைக் கேட்டால் துகில்தான் கஷ்டம் என்பார்கள். பார்க்கிறவருக்கு எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, கொட்டகைக்குள்ளிருந்து பார்த்தே வளர்ந்துவிட்டேன்.

பாய்தலையணை:

புதுமுகம், ஒரே வாய்ப்பு என்றால் கடைசி ராத்திரிக்கு வாருங்கள். பதினெட்டாம் போர் ஆரம்பித்து விடியும்போது ஊரே கூத்துக் களத்தை விட்டு எழுந்து படுகளத்துக்குப் போகும். அங்கே மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள், ஐந்தாறு ஆள் நீளம், முகத்துக்கு வர்ணம், முறைக்கிற கண், பெரிய மீசை. ராத்திரி முழுக்க ஆடிக் களைத்த வீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் அதன் மேல் ஏறியும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். வேஷம் வெயிலில் வழிந்துகொண்டிருக்கும். சிவப்பு வெறும் சாயம் என்று பட்டப்பகலில் எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும் உள்ளே வைத்த குங்குமத் தண்ணீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிக்கிறது அப்போதுதான். காந்தாரி மாரடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டு துடைப்பத்தோடு வருவாள். எல்லாம் முடிந்ததும் ஜனங்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய் நெல் கொட்டுகிற இடத்தில் வைப்பார்கள். சாயங்காலம் தீமிதி.

எனக்கு அதில் பிடித்தது, ராத்திரியெல்லாம் துரியோதனனைத் திட்டிக்கொண்டிருந்த பெரியவர்கள் அவன் விழுந்ததும் துண்டை எடுத்துத் தோளிலிருந்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். ராஜா இல்லையா.

சபாபிரியன்:

சரி, வருகிறேன். செய்யாற்றுக்காரரே, உங்கள் வீட்டில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா? காதில் வைக்கப் பஞ்சு நானே கொண்டு வந்துவிடுகிறேன்.

செய்யாற்றுக்காரன்:

தாராளமா வாங்க சார். மொட்டை மாடி காலியாத்தான் கிடக்கு. எந்தத் தேதி என்று நோட்டீஸைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

புதுமுகம்:

நானும் வருகிறேன். சேர் போட்டிருப்பார்களா, பாய் கொண்டு வர வேண்டுமா?

ஆரணிப்பெண்:

சேர் பெரியவர்களுக்குத்தான், அதிலும் முன்வரிசை ஊர் நாட்டாமைகளுக்கு. பாய் கொண்டு வாருங்கள், ஒரு போர்வையும். பங்குனி சித்திரை என்று நம்பி வராதீர்கள், மூன்று மணிக்கு மேல் வயல்காற்று அடிக்கும். தண்ணீர் பாட்டிலில் பேர் எழுதி வையுங்கள், காலையில் யாருடையது என்று தெரியாது.